மடங்கிப்போன கைக்கு எது சரி: மாத்திரையா, ஊசியா, பயிற்சியா?

பக்கவாதம் வந்து வீடு திரும்பிய சில வாரங்களில், அல்லது ஓரிரு மாதங்களில், குடும்பத்தார் சொல்லும் குறை மாறிவிடும். முதலில் "கை தொளதொளன்னு தொங்குது" என்பார்கள். பிறகு அதே கை முழங்கையில் மடங்கி, மணிக்கட்டு கீழே வளைந்து, கட்டைவிரலை உள்ளே வைத்து மூடிக்கொள்ளும். "இப்போ விறைச்சுக்கிச்சு, விரிக்கவே முடியல" என்பார்கள். அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம், லிங்கராஜபுரம் என்று பெங்களூரில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கிற பகுதிகளில் வீட்டுக்கே போய் பிசியோதெரபி செய்கிறவள் நான். எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும்: "போடாக்ஸ் ஊசி போடச் சொல்றாங்க. போடலாமா, மாத்திரையே போதுமா?"

எல்லாருக்கும் பொருந்துகிற ஒரு பதில் இதற்குக் கிடையாது. ஆனால் முதலில் எதைக் கேட்கவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் கையால் என்ன நடக்கவேண்டும்? உள்ளங்கையைக் கழுவ முடியவேண்டுமா, சட்டைக் கை நுழையவேண்டுமா, ராத்திரி வலி இல்லாமல் தூங்கவேண்டுமா, இல்லை டம்ளரைப் பிடித்துத் தூக்கவேண்டுமா? இதை முடிவு செய்யாமல் சிகிச்சைகளை ஒப்பிட்டால், விலை அதிகமானதுதான் உசத்தி என்று தோன்றிவிடும்.

இறுக்கம் வேறு, பலவீனம் வேறு. இந்த ஒன்று புரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். தசையைச் சட்டென்று இழுத்தால் அது எதிர்த்துச் சுருங்கும். தண்டுவடம் தானாகச் செய்கிற வேலை அது. மூளை அதை எப்போதும் மட்டுப்படுத்தியே வைத்திருக்கும். பக்கவாதத்தில் மூளையிலிருந்து கீழே இறங்கும் நரம்புப் பாதை அடிபட்டதும் அந்தக் கட்டுப்பாடு போய்விடுகிறது, சின்ன இழுப்புக்கும் தசை முரண்டு பிடிக்கிறது. விரலை விரிக்கும் பலம் போனதும் அதே அடியால்தான். இறுக்கத்தைக் குறைக்க மருந்து இருக்கிறது. பலத்தைக் கொண்டுவரும் மாத்திரையோ ஊசியோ கிடையாது. எனவே "ஊசி போட்டா கை பழையபடி வேலை செய்யுமா" என்று கேட்கிறவர்களிடம், "கை இளகும். வேலை செய்யுமா என்பது அதற்கடியில் எவ்வளவு அசைவு மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது" என்று சொல்லிவிடுவேன்.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். முழங்கையை மெதுவாக, பத்து எண்ணும் நேரம் எடுத்துக்கொண்டு நீட்டுங்கள். பிறகு சற்று வேகமாக நீட்டுங்கள். மெதுவாகச் செய்யும்போது முழுதாக நீண்டு, வேகமாகச் செய்யும்போது பாதியில் பிடித்துக்கொண்டால் அது நரம்பால் வரும் இறுக்கம், மருந்துக்குக் கேட்கும். எவ்வளவு நிதானமாகச் செய்தாலும் ஒரே இடத்தில் முட்டி நின்றால், தசையும் மூட்டும் குறுகிப்போயிருக்க வாய்ப்பு அதிகம். அதை ஊசி மட்டும் சரி செய்யாது. மூட்டை அசைக்கும்போது தசை எவ்வளவு எதிர்க்கிறது என்பதை டாக்டர்கள் ஆஷ்வொர்த் அளவு என்று சீட்டில் 0 முதல் 4 வரை எழுதுவார்கள். 4 என்றால் மூட்டு அசையவே இல்லை என்று பொருள்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். நேற்றுவரை ஓரளவு இருந்த கை திடீரென்று இறுகினால் சிகிச்சையைக் கூட்டுவதற்கு முன் உடம்பில் வேறென்ன நடக்கிறது என்று பாருங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப் புண், சதைக்குள் வளர்ந்த நகம், தோள்வலி எல்லாமே இறுக்கத்தைக் கூட்டும். டிசம்பர், ஜனவரியில் பெங்களூர்க் குளிருக்கே பலருக்குக் கை கூடுதலாக மடங்கும். மூலகாரணத்தைச் சரி செய்தாலே கை பழைய நிலைக்கு வந்துவிடுவது உண்டு.

வீட்டில் செய்வது

எந்த சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தாலும் பயிற்சியை விட்டுவிட முடியாது. ஆனால் பயிற்சி என்ற பெயரில் நடப்பதில் பாதி பலன் தராது. பார்க்க வருகிறவர்கள் கொண்டுவந்து கொடுக்கும் ரப்பர் பந்தை முதலில் எடுத்து வைத்துவிடச் சொல்வேன். இறுகிய கை ஏற்கெனவே மூடுவதைத்தான் ஓயாமல் செய்துகொண்டிருக்கிறது. அதற்கு வராதது விரிப்பது. நாள் முழுக்கப் பந்தை அமுக்கினால் மூடும் பழக்கம்தான் கூடும். கதவில் கப்பி மாட்டி நல்ல கையால் கெட்ட கையை மேலே இழுப்பதும் வேண்டாம். பலமில்லாத தோள்மூட்டு அதில் புண்பட்டு வலி வந்துவிடும். அப்புறம் யாரையும் கையைத் தொடவே விடமாட்டார்கள். உணர்ச்சி குறைந்த கையில் வெந்நீர்ப் பை வைத்தால் தோல் வெந்துபோவதுகூடத் தெரியாது. புறா ரத்தம் தடவச் சொல்லி ஊரிலிருந்து ஃபோன் வரும். சொல்பவர்கள் அன்பால்தான் சொல்கிறார்கள். ஆனால் அடிபட்டிருப்பது மூளையில். தோலில் தடவும் எதுவும் அந்த இடத்தைத் தொடாது.

தினமும் கையை இழுத்து நீட்டினால் போதும் என்ற நம்பிக்கைக்கும் அளவு உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட தொகுப்பு, நரம்புப் பாதிப்பு உள்ளவர்களுக்கு இழுத்து நீட்டும் பயிற்சியும் ஸ்ப்ளின்டும் (கையை நீட்டிய நிலையில் தாங்கிப் பிடிக்கும் கட்டு) மட்டும் மூட்டின் அசைவில் குறிப்பிடத்தக்க மாற்றம் தருவதில்லை என்று சொன்னது. அதனால் அவற்றை நிறுத்திவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கையைச் சுத்தமாக வைக்கவும், வலியில்லாத நிலையில் வைக்கவும் அவை வேண்டும். அவற்றை மட்டுமே நம்பி மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள் என்கிறேன்.

விரலில் கொஞ்சமாவது அசைவு இருப்பவர்களின் கதை வேறு. நல்ல கையை உறைபோட்டுக் கட்டிவைத்து, பாதிக்கப்பட்ட கையையே எல்லா வேலைக்கும் பயன்படுத்தச் செய்யும் முறை ஒன்று உண்டு. 222 பேரை வைத்து அமெரிக்காவில் செய்து 2006இல் வெளியிட்ட எக்சைட் ஆய்வு, இரண்டே வாரத் தீவிரப் பயிற்சி கையின் பயன்பாட்டைக் கூட்டியதையும் அந்தப் பலன் ஒரு வருடம் கழித்தும் நின்றதையும் காட்டியது. ஆனால் மணிக்கட்டையும் விரல்களையும் தானாகவே கொஞ்சமாவது தூக்க முடிந்தவர்களைத்தான் அதில் சேர்த்தார்கள். அந்த அசைவு இல்லாதவர்களிடம் இதைக் கட்டாயப்படுத்தினால் மனம் உடைந்துதான் போவார்கள். அவர்களுக்குக் கண்ணாடிப் பயிற்சி நல்ல தொடக்கம். நல்ல கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் பார்த்தபடி இரண்டு கையையும் அசைக்கப் பார்ப்பது. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் கை இழந்தவர்களின் வலிக்காக உருவாக்கிய கண்ணாடிப் பெட்டியிலிருந்து வந்த முறை இது. செலவு ஒரு கண்ணாடிதான்.

மாத்திரை

பேக்லோஃபென், டிசானிடின். நம் ஊர்ச் சீட்டுகளில் அதிகம் பார்ப்பது இந்த இரண்டும்தான். இவை சுலபமாகக் கிடைக்கும், விலை ஒரு ஊசியோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு, ஆஸ்பத்திரிக்கு அலையவேண்டியதில்லை. ஒரு பக்கம் முழுதும், கையும் காலும் சேர்ந்து இறுகியிருந்தாலோ, ராத்திரியில் தசை வெட்டி இழுத்துத் தூக்கம் கெட்டாலோ மாத்திரைக்கு இடம் உண்டு.

மாத்திரை கைக்கு மட்டும் போகாது என்பதுதான் சிக்கல். உடம்பு முழுதும் பரவும். நல்ல பக்கத் தசையும் தளரும், மூளையும் மந்தமாகும். பக்கவாதத்துக்குப் பிறகு ஏற்கெனவே சோர்ந்து, பேச்சைத் தேடிக்கொண்டிருக்கிற ஒருவர் பகலெல்லாம் தூங்கி வழிந்தால் பயிற்சி எப்படி நடக்கும்? டிசானிடின் ரத்த அழுத்தத்தையும் இறக்கும். பிரஷர் மாத்திரையும் சேர்ந்துகொண்டால் ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்திருக்கும்போது தலைசுற்றி விழும் அபாயம் உண்டு. சிப்ரோஃப்ளாக்சசின் ஆன்டிபயாட்டிக்கை டிசானிடினோடு சேர்த்துக் கொடுக்கவே கூடாது. சிறுநீர்த் தொற்றுக்கு அதை எழுதுவது சகஜம் என்பதால் நீங்கள்தான் டாக்டரிடம் நினைவுபடுத்தவேண்டும். வலி மாத்திரைகளோடு கலந்தும் டிசானிடின் விற்கிறது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய முதுகுவலி மாத்திரையில் அது இருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள்.

பேக்லோஃபெனில் வேறொரு எச்சரிக்கை. மாத்திரை தீர்ந்துவிட்டது, ஊருக்குப் போகிறோம், வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நின்றால் வலிப்பு, மனக்குழப்பம், முன்பைவிட மோசமான இறுக்கம் எல்லாம் வரலாம். படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவே மாறும்.

கையின் இறுக்கத்துக்காக மட்டும் மாத்திரையை மாதக்கணக்கில் கூட்டிக்கொண்டே போவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு முழங்கைக்காக முழு மனிதரையும் தூங்க வைப்பது அது.

ஊசி

போட்டுலினம் டாக்ஸின் ஊசியை போடாக்ஸ் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். டிஸ்போர்ட் போல வேறு தயாரிப்புகளும் உண்டு. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை, ஊசி இறங்கிய தசையில் மட்டும் இது தடுக்கிறது. முழங்கையை மடக்கும் தசை, மணிக்கட்டை வளைக்கும் தசை, விரலை மூடும் தசை என்று தேர்ந்தெடுத்துப் போடலாம். மாத்திரை போலத் தூக்கக் கலக்கம் தராது. சில நாளில் இளக ஆரம்பித்து, ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் உச்சத்துக்கு வந்து, மூன்று நான்கு மாதத்தில் வடிந்துவிடும். 12 வாரத்துக்குள் அடுத்த ஊசி போடுவதில்லை.

இது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று இரண்டு ஆய்வுகள் தெளிவாகச் சொல்கின்றன. 2002இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், மணிக்கட்டும் விரல்களும் இறுகிய 126 பேரிடம் முதலில் ஒரு இலக்கைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள்: கைச் சுத்தம், உடை மாற்றுவது, கை இருக்கும் நிலை, வலி. 6ஆவது வாரத்தில் மருந்து ஊசி போட்ட 64 பேரில் 40 பேருக்குத் தாங்கள் தேர்ந்தெடுத்த இலக்கில் முன்னேற்றம். வெற்று ஊசி போட்ட 62 பேரில் 17 பேருக்குத்தான். இங்கிலாந்தில் 333 பேரை வைத்துச் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வோ, கை தானாக வேலை செய்கிறதா என்பதையே முக்கியமாக அளந்தது. அதில் பயிற்சியோடு ஊசியும் பெற்றவர்களுக்கும் பயிற்சி மட்டும் பெற்றவர்களுக்கும் ஒரு மாதத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இறுக்கமும் வலியும் குறைந்தன, கையைக் கழுவுவது போன்ற காரியங்கள் சுலபமாயின.

ஆகவே பராமரிப்புக்காக என்றால் இந்த ஊசியை நான் மனதாரப் பரிந்துரைப்பேன். கையைப் பராமரிப்பது சின்ன விஷயம் இல்லை. மூடியே இருக்கிற உள்ளங்கையில் வேர்வை தேங்கி, தோல் வெளுத்து ஊறிப்போய், நகம் குத்திய இடத்தில் புண் வந்து, அறைக்குள் நுழையும்போதே வாடை அடிக்கும். ஒரு வீட்டில் மருமகள் சொன்னார்: "அக்கா, மாமா கையைத் தொட்டாலே கத்துறார். எனக்கும் அழுகை வந்துடுது. நகம் வெட்டியே எத்தனையோ நாளாச்சு." அந்த வீட்டில் கை வேலை செய்வது பற்றிப் பேச்சே இல்லை. நகம் வெட்ட முடியவேண்டும், அவ்வளவுதான். ஊசி அதைச் செய்து கொடுத்தது. மாமனார் கத்துவது நின்றதும் அந்த வீட்டின் காலை நேரமே மாறிவிட்டது.

ஊசி போடும்வரை, போட்ட பிறகும், மூடிய கையை விரிக்கும் முறை இது. விரல் நுனியைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுக்க இழுக்க இறுகும். முதலில் மணிக்கட்டை இன்னும் கொஞ்சம் கீழ்நோக்கி வளையுங்கள். விரலை மூடும் நாண்கள் (தசையை எலும்போடு இணைக்கும் நார்கள்) தளர்ந்து விரல்கள் தாமாகவே லேசாகத் திறக்கும். பிறகு கட்டைவிரலை அதன் அடிப்பகுதியைப் பிடித்து வெளியே கொண்டுவாருங்கள். மற்ற விரல்களை ஒவ்வொன்றாக, அடியிலிருந்து விரியுங்கள். கழுவி, விரலிடுக்கு உட்பட ஈரம் போகத் துடைத்து, சுருட்டிய மெல்லிய பருத்தித் துணியை உள்ளே வைத்துவிடுங்கள்.

விலைதான் பெரிய தடை. ஒரு குப்பிக்கே ஆயிரக்கணக்கில் ஆகும், முழங்கையும் விரலும் சேர்ந்தால் ஒன்றுக்கு மேல் தேவைப்படலாம், மூன்று நான்கு மாதத்தில் மறுபடி செலவு வரும். இரண்டு ஆஸ்பத்திரிகளின் பில்லை வைத்து ஒப்பிடும்போது யூனிட் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீர்கள். போடாக்ஸ் யூனிட்டும் டிஸ்போர்ட் யூனிட்டும் ஒன்றல்ல. எண் கூடுதலாக இருப்பதால் மருந்து கூடுதல் என்று அர்த்தம் இல்லை. எந்தத் தயாரிப்பு, எந்தெந்தத் தசை, ஸ்கேன் பார்த்தோ மின்தூண்டல் கொடுத்தோ இடத்தை உறுதி செய்வார்களா என்று கேளுங்கள். விரல் தசைகள் முன்கையில் அடுக்கடுக்காக இருப்பதால், கையால் தடவிப் பார்த்து மட்டும் போடுவதைவிட இது நம்பகமானது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள்; நீங்களாக நிறுத்தாதீர்கள். தசைகள் சீக்கிரம் சோர்ந்துபோகும் மயஸ்தீனியா நோய் இருப்பவர்களுக்கு இந்த ஊசி ஆகாது. விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் வருவது அபூர்வம், ஆனால் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

பணம் வீணாவதை அதிகம் பார்ப்பது இந்த இடத்தில்தான்: ஊசிக்கு எல்லாச் சேமிப்பையும் செலவழித்துவிட்டு, பிசியோதெரபிக்குக் காசில்லை என்று விட்டுவிடுகிறார்கள். கை இளகியிருக்கும் அந்த மூன்று மாதமும் விரிப்பது, நீட்டுவது, ஸ்ப்ளின்ட் போடுவது, முடிந்தால் ஒரு பொருளைப் பிடித்துப் பிறகு விடுவது என்று பழக்கவேண்டிய காலம். இல்லாவிட்டால் மருந்து வடிந்ததும் கை பழைய இடத்துக்கே போய்விடும். கையில் இருக்கும் தொகையை ஊசிக்கும் பயிற்சிக்கும் பிரித்த பிறகே தேதி வாங்குங்கள்.

முழங்கை மட்டும்தான் பிரச்சினை, பணமும் இல்லை என்றால் ஃபீனால் ஊசியைப் பற்றிக் கேளுங்கள். முழங்கையை மடக்கும் தசைக்குப் போகும் நரம்பிலேயே போடுவது. மருந்து மிகவும் மலிவு, பலன் உடனே தெரியும், பல மாதம் நிற்கும். போடுகிறவருக்கு நல்ல கைத்தேர்ச்சி வேண்டும். தொடு உணர்ச்சி கொண்டுசெல்லும் நரம்பில் பட்டால் எரிச்சல் வலி நீடிக்கக்கூடும் என்பதால் விரல், மணிக்கட்டு நரம்புகளுக்கு இதைத் தவிர்ப்பார்கள். போடாக்ஸ் வந்தபின் இதைச் செய்கிற டாக்டர்கள் குறைந்துவிட்டது எனக்கு வருத்தம்தான்.

அறுவை

முதுகுத்தண்டில் பேக்லோஃபென் செலுத்தும் பம்ப் பெரும்பாலும் கால்களோ உடம்பின் பெரும்பகுதியோ கடுமையாக இறுகியவர்களுக்குத்தான். கைக்காக மட்டும் யோசிக்கவேண்டாம். மூட்டு குறுகி நிலைத்துவிட்டவர்களுக்கு நாணை நீளமாக்கும் அறுவை, குறிப்பிட்ட நரம்பு இழைகளை வெட்டும் அறுவை ஆகியவை உண்டு. உள்ளங்கையைத் திறக்கவே வேறு வழியில்லாதபோது இவை பெரிய நிம்மதி. 2018இல் ஷாங்காய் மருத்துவர்கள், நல்ல பக்கத்துக் கழுத்து நரம்பு ஒன்றைக் கெட்ட பக்கத்துக்கு மாற்றி இணைத்ததை 36 பேரிடம் சோதித்து வெளியிட்டார்கள். அறுவை செய்த 18 பேருக்கு இறுக்கம் குறைந்து அசைவும் கூடியது. நம்பிக்கை தரும் செய்தி. ஆனால் அதைப் படித்துவிட்டு, ஊசியும் பயிற்சியும் இன்னும் செய்து பார்க்காத ஒருவரை ஆபரேஷனுக்கு அழைத்துப் போவது அவசரம்.

பெங்களூரில் இருப்பவர்களுக்கு மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான மத்திய அரசு ஆஸ்பத்திரியான ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் ஒரு பெரிய வசதி. நரம்பியல் மறுவாழ்வுக்கென்றே அங்கே தனித் துறை இருக்கிறது. கூட்டம் இருக்கும், காத்திருக்கவேண்டும், ஆனால் டாக்டர், பிசியோதெரபிஸ்ட், ஸ்ப்ளின்ட் செய்பவர் எல்லாரையும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம். கன்டோன்மென்டில் ரயில் ஏறிக் காட்பாடியில் இறங்கி வேலூர் சி.எம்.சி. போகிற தமிழ்க் குடும்பங்களும் நிறைய. பேச்சு பாதிக்கப்பட்ட பெரியவர்களுக்குக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ "விரல்களை விரிங்க" என்று சொன்னால் புரிந்துகொள்ளவே நேரமாகும். தமிழ் தெரிந்த தெரபிஸ்ட் வேண்டும் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். பயிற்சியின் பலனே அதில் மாறுகிறது.

இறுக்கம் எல்லாமே எதிரி என்றும் நினைக்கவேண்டாம். எனக்குத் தெரிந்த ஒருவர் மடங்கிய முழங்கையில் காய்கறிப் பையை மாட்டிக்கொண்டு நல்ல கையால் வீட்டுப் பூட்டைத் திறப்பார். அவருடைய முழங்கையை ஊசி போட்டு நீட்டிவிட்டால் அந்தச் சின்னச் சுதந்திரம் போய்விடும். விரல்களுக்கு மட்டும் போடச் சொல்லிப் பேசினோம்.

நான் முடிவெடுக்கும் விதம் இதுதான். விரலில் அசைவு இருந்தால் பயிற்சிதான் முதலில். ஒரு தசை மட்டும் குறுக்கே நின்றால் அதற்குக் குறைந்த அளவு ஊசி. அசைவே இல்லாமல் கை மூடிக் கிடந்தால், அல்லது உடை மாற்றும்போது வலித்தால், மாத்திரையில் காலம் கடத்தாமல் ஊசி. கைகால் முழுதும் இறுகி ராத்திரி தூக்கம் கெட்டால் மாத்திரை, அதுவும் படுக்கும் நேரத்துக்குக் குறைந்த அளவில் தொடங்கலாமா என்று டாக்டரைக் கேட்டு. மெதுவாக நீட்டியும் மூட்டு அசையாவிட்டால், கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி மாற்றி மாற்றிப் போடும் தொடர் மாவுக்கட்டு, இல்லை அறுவை பற்றிய ஆலோசனை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் தொடங்குவதற்கு முன் ஒரு தாளில் ஒரே ஒரு காரியத்தை எழுதுங்கள்: "அப்பாவின் நகத்தை வலியில்லாமல் வெட்டவேண்டும்", "அம்மா ஜாக்கெட் போட ஒருவர் உதவி போதும் என்றாகவேண்டும்". கையை மடங்கிய நிலையிலும், முடிந்தவரை விரித்த நிலையிலும் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். ஆறு வாரம் கழித்து அதே இடத்தில், அதே மாதிரி உட்கார வைத்து மறுபடி எடுங்கள். இரண்டு முறை ஊசி போட்டும் எழுதிய காரியம் நடக்கவில்லை என்றால், மூன்றாவது முறைக்குப் பணம் கட்டுவதற்கு முன் தாளையும் படங்களையும் டாக்டரிடம் காட்டி, தசையை மாற்றவேண்டுமா, அளவை மாற்றவேண்டுமா, சிகிச்சையையே மாற்றவேண்டுமா என்று கேளுங்கள்.